வாலில் மாட்டிய தலை

கந்தப்புவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று யாழ்ப்பாணத்துப் பிறப்பு, மற்றது இங்கிலீஷ். சிங்கப்பூர்க் காட்சிசாலை ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்து, எலும்புகளுக்குப் பெயர்ச்சீட்டு தட்டச்சடித்தே பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஓர் எலும்பைக்கூடக் கையால் தொட்டதில்லை. அதற்குத்தான் கூலியாள் தங்கராஜு இருந்தானே!

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து, சயாமில் ரயில்பாதை போட ஆட்களை அள்ளத் தொடங்கியதும் மனுஷர் தப்ப வழி தேடினார். சிராங்கூன் ரோட்டிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடக் கடிதம் போடவில்லை. அந்த நேரம் பார்த்து ஜப்பானிய அதிகாரி ஒருவர், வெள்ளைக்காரத் துரைமார் பிரிக்காமலே விட்டுப்போன பெட்டிகளைக் காட்டி, இதைப் பொருத்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். உள்ளே இருந்தது டிப்ளோடோகஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு. லண்டனில் நிற்பதன் சிறிய பிளாஸ்டர் நகல். "நான்தான் நிபுணன்" என்று கந்தப்பு முந்திக்கொண்டார். நிபுணர்களைச் சயாமுக்கு அனுப்புவதில்லை.

புத்தகத்தில் 'நீண்ட கழுத்துள்ள விலங்கு' என்றிருந்தது. பொருத்திப் பார்த்தால் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் அதைவிட நீளம். கூடுதல் நீளமானதுதானே கழுத்து! அதன் நுனியில் தலையை மாட்டச் சொன்னார்.

"கிராணியாரே, கால் வெரலெல்லாம் அந்தப் பக்கம் பாக்குது. தலைய வால்ல மாட்டுறோம் லா" என்றான் தங்கராஜு.

"புத்தகத்திலை கிடக்கடா. உனக்கென்ன தெரியும்?"

அதிகாரி அந்தத் தலைக்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டார். கந்தப்புவின் கையில் 'நிபுணர்' என்றெழுதிய துணிப்பட்டை ஏறியது. தங்கராஜுவோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கால்விரல்களைக் காட்டிச் சிரித்தான்.

அடுத்த மாதம் காட்சிசாலையிலிருந்து சயாமுக்கு ஓர் ஆள் கேட்டார்கள். பெயரை எழுதித் தருவது கிராணியின் வேலை. தங்கராஜுவின் சிரிப்பு அதிகாரியின் காதுவரை போனால் பட்டையும் போகும், தாமும் போகவேண்டியதுதான். கந்தப்பு அந்தப் பெயரைப் பிழையில்லாமல் தட்டச்சடித்தார். வெட்கங்கெட்ட மனுஷர், அன்று மத்தியானம் மரவள்ளிக்கிழங்கை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றார்.

லாரியில் ஏறும்போதும் தங்கராஜுவுக்கு அதே கவலைதான். "தலைய மாத்திடுங்க, கிராணியாரே. வெள்ளக்காரன் வந்தா உங்களப் பாத்து சிரிப்பான்."

சண்டை முடிந்து பழைய துரை திரும்பிவந்தார்; சயாமுக்குப் போன தங்கராஜு வரவில்லை. எலும்புக்கூட்டைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதைச் செய்த மேதாவி யார் என்று கேட்டார்.

"தங்கராஜு என்றொரு கூலியாள், சார்" என்றார் கந்தப்பு, நல்ல இங்கிலீஷில்.

"அவனைக் கூப்பிடு."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கந்தப்புவுக்கு இங்கிலீஷ் வரவில்லை.