சல்லடையான வார்கள்

மாஸ்டரம்மா இரண்டு தோல் வார்களையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து நீளம் பார்க்கிறார். சேணத்தின் இருபுறமும் கால் வைக்கிற அங்கவடிகளைத் தாங்கும் வார்கள் அவை. எல்லோரும் குதிரைமேல் இடப்பக்கமாகவே ஏறுவதால் இடது வார் இழுபட்டு நீண்டுவிடும். அதனால் வாரம் தவறாமல் இடதை வலதாக்கி, வலதை இடதாக்கி மாட்டுவது அவர் வழக்கம். இன்றும் இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல்தான் தொங்குகின்றன.

"கீழ ஒண்ணா இருக்கு. மேல ஏறினா இடது கால் எட்டல. இது என்ன கண்கட்டு வித்தையா?" என்று ஆணியைக் கேட்கிறார். பிறகு குத்தூசியை எடுத்து, இடது அங்கவடி இன்னும் உயர, இடப்பக்கம் போகப்போகும் வாரில் இன்னொரு துளை போடுகிறார். வாராவாரம் பக்கம் மாறுவதால் இரண்டு வார்களுமே சல்லடையாகிவிட்டன.

பந்தய லாயத்தில் சாணம் அள்ளிய அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன சிறுவயது மாஸ்டரம்மா, தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி வரவேயில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆண்களை உதறித் தள்ளிய குதிரைகள் அவரிடம் அடங்கின. இன்று தகரக்கூரை போட்ட சொந்த லாயம், ஏழு குதிரைகள், மணல் பரப்பிய வட்டம். குதிரைகளுக்கு "வாங்க, போங்க". மனிதர்களுக்கு "அடேய், அடியே". ஏன் இப்படி என்று சவாரி பயில வந்த வங்கி அதிகாரி ஒருவர் கேட்டதற்கு, "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, நீ சொல்லுவ" என்றார்.

குட்டியிலிருந்து அவரே பழக்கிய பெட்டைக் குதிரைக்கு மகராசி என்று செல்லப்பெயர். அவர் ஏறினால் மட்டும் இப்போது மகராசி இடப்பக்கமாகவே ஒதுங்குகிறது. மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். லாடக்காரர் நான்கு லாடங்களையும் கழற்றி மறுபடி அடித்தார். "குளம்பு கண்ணாடியா இருக்கு மாஸ்டரம்மா. என்னை ஏன் போட்டு வதைக்கிறீங்க?" என்று கும்பிட்டார். நடுவில் செருப்புக் கடைக்காரருக்கும் திட்டு விழுந்தது; எந்தச் செருப்பு வாங்கினாலும் ஒரு பக்கக் குதிகால்தான் தேய்கிறதாம். ஒன்றும் பிடிபடாமல், "போன மழையில என்னைக் கீழ தள்ளினது பத்தாதுன்னு இப்ப குழியும் பறிக்கிறாங்க" என்று மகராசியைக் கைவிட்டு, சாரட் வண்டிக்காரருக்குத் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும், குதிரையைக் குறை சொல்லும் மாணவரை அவர் சும்மா விட்டதில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கழட்டு அங்கவடியை!" என்பார். நீளக் கயிற்றின் ஒரு முனையைக் குதிரையிடம் மாட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, கால் ஊன்ற ஏதுமில்லாமல் அவர்களை வட்டமடிக்க விடுவார். உட்காரும் விதம் நேராகும்வரை விடுதலை கிடையாது. அந்தக் கயிற்றில் சுற்றாதவர் அந்த லாயத்தில் ஒருவரும் இல்லை, மாஸ்டரம்மாவைத் தவிர.

வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். லாயத்தில் குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித்தரும் மாஸ்டரம்மாவின் மகள், கடைசியாக ஒரு சுற்று என்று மகராசிமேல் ஏறினாள். நூல் பிடித்தாற்போல் போனது குதிரை. அரை வட்டத்திலேயே மகள் நிறுத்திக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இடது அங்கவடி இவ்வளவு மேல இருக்கே. யார் கட்டினது?"

"நான்தான். அதுதான் சரியான அளவு."

"எனக்கு முட்டி வந்து வயித்துல இடிக்குது."

"உன் கால் நீளம்."

"ஒரு கால் மட்டுமா?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "விழுந்த அன்னைக்கு ஒரு நாளாவது படுத்தியா? உடனே மறுபடி ஏறின."

"எலும்பு முறியலன்னு டாக்டரே சொன்னாரே!"

"முறியலன்னுதானே சொன்னார். இடுப்பு நேரா இருக்குன்னு சொன்னாரா? ஆடத் தெரியாத..." என்று தொடங்கியவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

மாஸ்டரம்மா மகராசியைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். மறுபடி மகராசியைப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அது வடிந்ததும் பயம் வந்தது. எத்தனையோ முறை விழுந்தவர். விழும்போது வராத பயம் நின்ற இடத்தில் வந்தது. குதிரைமேல் இல்லாத தன்னை அவருக்குப் பழக்கமே இல்லை.

"ஓட்டிட்டுப் போகட்டுமா மாஸ்டரம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"இருப்பா. யாரை ஓட்டிட்டுப் போறதுன்னே இன்னும் தெரியல."

மகளை இறங்கச் சொன்னார். சேணத்திலிருந்து இரண்டு வார்களையும் அங்கவடிகளோடு உருவி மணலில் போட்டார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று மகராசியின் காதில் சொல்லி நீளக் கயிற்றை மாட்டினார். குழந்தைகள் ஏறும் மரப்படியைக் காலால் இழுத்துப் போட்டு, ஏறி உட்கார்ந்தார். இடது கால் காற்றில் ஊன்ற இடம் தேடித் துழாவியது. கையிலிருந்த கயிற்றின் மறுமுனையை மகளிடம் நீட்டினார்.