மடத்துவெளியில் ஒரு மலை

எங்கள் புங்குடுதீவில் சைக்கிளை மிதித்தால்தான் ஓடும். எந்தப் பக்கமும் இறக்கம் கிடையாது. அப்படிப்பட்ட தீவுக்கு, மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டும் சமவுயரக்கோட்டு வரைபடம் வேண்டுமென்று கனடாவிலிருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கேட்டார். உயரமான இடத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டினால் தண்ணீர் தானாக வீடுவீடாக ஓடுமாம். எங்கள் கிணறுகள் எல்லாம் உவர். பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்குக் காத்து நின்றே என் மனைவியின் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆகவே வாயை மூடிக்கொண்டு வரைபடம் போடும் மென்பொருள் தேடினேன்.

முதலாவது மென்பொருள் படத்தின் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக எழுதித் தந்தது. இரண்டாவது என் மடிக்கணினியையே படுக்க வைத்தது. மூன்றாவது இலவசம், வானத்திலிருந்து செய்மதி அளந்த உயரத் தரவை எடுத்துக் கோடும் போட்டது. இருபது மீற்றருக்கு ஒரு கோடு கேட்டேன், வெறும் தாள் வந்தது. ஒரு மீற்றருக்கு ஒன்று கேட்டேன். அட, எங்கள் ஊர் மடத்துவெளியில் ஒரு மலை!

அந்த மலை என் மனைவியின் சீதனப் பனங்காணி. கலியாணம் கட்டிய நாள் முதல் அதற்குள் நடந்து திரிகிறேன், ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. செய்மதி மண்ணை விட்டுவிட்டுப் பனைமரத் தலைகளை அளந்திருக்கிறது என்று தலைவருக்குச் சொன்னேன். அவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்.

“நீர் ஊரிலையே இருக்கிறதாலை உமக்கு மலை தெரியேல்லை.”

கனடாவில் கூட்டம் போட்டுப் படத்தைத் திரையில் காட்டினார்கள். சின்ன வயதில் அந்த மலையில் ஏறி விளையாடியதாக ஒருவர் கண்கலங்கினாராம். அதற்கு யாருடைய தகப்பனின் பெயரை வைப்பது என்று சண்டையும் வந்தது. மலை இருக்கும்போது தாங்கிக்குத் தூண் எதற்கு என்று தூணையும் விட்டுவிட்டார்கள்.

குழாயில் தண்ணீர் வருமென்றால் பனைகளை வெட்டட்டும் என்று மனைவி கையெழுத்துப் போட்டாள். அனுமதி வந்தது, மரம் அரியும் வாள் வந்தது. கடைசிப் பனையோடு மலையும் விழுந்துவிட்டது. அங்கே ஒரு விளையாட்டு மாபிள் குண்டை வைத்தாலும் உருண்டிருக்காது. தாங்கியை அந்த வெறும் நிலத்தில் குந்த வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக் குழாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. அன்றைக்கே தலைவர், இதைவிட நல்ல மென்பொருள் ஏதும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருந்தார். மனைவிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பனங்காணி ஓரம் வரும் பவுசருக்குப் புறப்பட்டாள்.

“முந்தி நிழலிலை நிண்டு காத்திருந்தனான்,” என்றாள். “இப்ப அதுவும் இல்லை.”