புலிக்குக் காட்டிய கற்பூரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இதில் வருபவர் என் சம்பந்தி. என் மகள் அவர் வீட்டில்தான் வாழ்கிறாள். ஆனால் நாங்கள் சேர்ந்து போன ஒரு பயணத்தைப் பற்றி அவர் போகிற விசேஷத்திலெல்லாம் அளக்கும் கதையை இப்போது என் பேத்தியும் ஒப்பிக்கிறாள். இனிமேல் பொறுக்க முடியாது.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்த இரும்பு ஆலையில் ராஜஸ்தான்காரர் ஒருவர் கிரேன் ஓட்டினார். அவர் ஊர்ப்பக்கம் புலிக்காட்டுக்கு நடுவே ஒரு மலைக்கோட்டை, கோட்டைக்குள் பிள்ளையார். கல்யாணப் பத்திரிகை முதலில் அந்தப் பிள்ளையாருக்குத்தான் போகுமாம், அதைச் சாமிக்குப் படித்துக் காட்டுவார்களாம். மகளுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் வந்து சொன்ன அன்றைக்கே, வரன் அமைந்தால் பத்திரிகையோடு வருகிறேன் என்று என் மனைவி வேண்டிக்கொண்டாள். வரன் அமைந்தது. பத்திரிகை அச்சாகி வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். புலி என்றதும் மாப்பிள்ளையின் அப்பாவான கடம்பத்தூர் சம்பந்தியும் ஒட்டிக்கொண்டார்.

பச்சையும் பழுப்புமாகப் புள்ளிச் சட்டை, அதே துணியில் தொப்பி, கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பைனாகுலர். அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

"முதல்ல சாமி," என்றாள் என் மனைவி.

"பிள்ளையாரு இன்னா எழுந்து ஓடிடுவாரா சம்பந்தியம்மா? புலிதான் ஓடும். ஜீப்புல ஏறுங்க."

மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் பெண் வீட்டார் ஏற வேண்டியதுதான். ஏறினோம். காட்டுக்குள் வெகுநேரம் சுற்றிய பிறகு புல்லுக்குள் ஒரு வால் ஆடியது. அது புலியின் வால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சம்பந்தி உடனே பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து, டிபன் டப்பா மூடியில் வைத்துக் கொளுத்திவிட்டார்.

"அம்மன் வாகனம்! எல்லாரும் கும்புடுங்க!"

சுற்றிலும் காய்ந்த புல். வழிகாட்டி பாய்ந்து வந்து பாட்டில் தண்ணீரை மூடியில் கொட்டினார். அவர் திட்டிய திட்டு, மொழி தெரியாத என் மனைவிக்கே புரிந்தது. வால் எப்போதோ போய்விட்டது. வண்டியைத் திருப்பி எங்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

சம்பந்தியின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "நான் பாட்டுக்குக் கும்புட்டுக்கினு இருக்கேன், எரியற கற்பூரத்துல தண்ணி ஊத்தறான். சகுனமே சரியில்ல. ஊருக்குப் போனதும் தேதிய மாத்திப் பேசிக்கலாம்."

தானே இழுத்துவிட்ட வம்புக்குச் சகுனத்தின் மேல் பழி! ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் சகுனம் சொல்லித் தள்ளிப்போட்ட கல்யாணம் பெரும்பாலும் நடக்காது. என் மனைவி பத்திரிகையை முந்தானைக்குள் வைத்து, வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். வழியில் ஒரு குரங்கு சம்பந்தியின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. என் சிரிப்பை அடக்கியது அந்தப் பிள்ளையார்தான்.

சந்நிதியில் பூசாரி பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாது, உங்களில் ஒருவர் சாமிக்குக் கேட்கும்படி படியுங்கள் என்றார். வடக்கத்திக்காரர்களோடு வேலை செய்த என் அரைகுறை இந்திக்கு அவ்வளவு புரிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் சம்பந்தி பிடுங்கிக்கொண்டார். முதல் வரியிலேயே அவர் பெயர் இருந்ததே! அதையும் அடைமொழியையும் கோட்டையே அதிரும்படி படித்தார். அந்த வேகத்தில் நாள், முகூர்த்தம், மண்டபம் வரை வந்துதான் நிறுத்தினார்.

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிகிட்ட நீங்களே நாள் சொல்லிட்டீங்க சம்பந்தி. இனிமே மாத்தினா அவருக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். கல்யாணம் அதே முகூர்த்தத்தில் நடந்தது.

ஆனால் இன்றைக்கும் அவர் சொல்வது, புலி தன் கற்பூரத்துக்கு முன்னால் மண்டியிட்டது, அதனால்தான் கல்யாணம் நடந்தது என்று. நடத்திவைத்தவர் பிள்ளையார். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நான் பார்த்தது ஒரு வால். அதை முழுப் புலியாக்கிவிடாதீர்கள்.