இரண்டு மிஸ்டு கால்

எங்கள் ஊர் வழியாகக் கொல்லங்கோட்டுக்குப் போகும் காலை பஸ் எட்டேகாலுக்கு வரும் என்று நிறுத்தத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. எழுதியவர் யாரைப் பற்றியும் நல்லதே நினைக்கிற ஆளாக இருக்கவேண்டும். அந்த பஸ் எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால்வரை எப்போது வேண்டுமானாலும் வரும், வராமலும் இருக்கும். ஜன்னல் கண்ணாடிகளில் பாதி ஏறாது, மீதி இறங்காது. ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதைக் கேட்டால் இறங்கித் தள்ளலாமா என்று கால் பரபரக்கும். தள்ளியும் இருக்கிறோம்.

அதனால், கேரளத்துக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. முந்தைய நிறுத்தத்து டீக்கடையிலிருந்து எங்கள் நிறுத்தத்து மளிகைக்கடைக்கு மிஸ்டு கால் வரும். ஒரு பெல் என்றால் பஸ் அங்கே தாண்டிவிட்டது. இரண்டு பெல் என்றால் வண்டி கேடு, வேறு வழி பாருங்கள். மளிகைக்கடை ராவுத்தர் போனை எடுக்கமாட்டார். பருப்பு நிறுத்துக்கொண்டே காதால் எண்ணுவார். நடுவில் வாட்ஸ்அப் குழு ஒன்றும் தொடங்கிப் பார்த்தோம். ஒரே வாரத்தில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் குவிந்து, பஸ் அதற்கடியில் காணாமல் போனது.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியப் பயிற்சி முடித்தவள். பதினெட்டு வருடமாக என்னையும் மாட்டையும் திருத்திக்கொண்டிருந்தாள், மாடு தேறிவிட்டது. போன வருடம் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தினக்கூலிக்கு ஆசிரியை வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. காலை பத்தரைக்கு இன்டர்வியூ, பிந்தி வருபவர்களுக்கு இடமில்லை. இதை விட்டால் வயது தாண்டிவிடும். அவள் அதைச் சொல்லவில்லை. முந்தின நாள் ஒரே சேலையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. அவள் அதில் ஏறுவதில்லை. ஒருமுறை அவளை வாய்க்காலில் இறக்கிவிட்டிருக்கிறேன், ஸ்கூட்டரோடு சேர்த்து. அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு யோசனை சொன்னேன்: ஸ்கூட்டரில் முந்தைய நிறுத்தத்துக்குப் போய் பஸ் ஏறி, அவளுக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணாம ஊட்டுலயே இருந்தா, அதே பெரிய ஒத்தாசைங்க" என்றாள்.

போனேன்.

எட்டேகாலுக்கு பஸ் இல்லை. எட்டரைக்கும் இல்லை. மூன்று டீ குடித்தேன். ரோட்டுக்கு நடுவில் போய் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் சீக்கிரம் வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. திடீரென்று, அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைல் காலையில் டிவி மேல் கிடந்தது ஞாபகம் வந்தது. எடுத்தாளா? என் போனில் டவர் இல்லை. டீக்கடைக்காரர் பஜ்ஜி மாவு கலக்கிக்கொண்டிருந்தார். அவர் போன் பாய்லர் பக்கத்தில் இருந்தது. கேட்டேன், தலையாட்டினார். அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சரி, ராவுத்தரிடம் சொல்லலாம் என்று கடைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"யாருக்குங்க இத்தனை அவசரமா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நம்ம ராவுத்தர் கடைக்குங்க."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

அவர் மாவிலிருந்து கையை வெளியே எடுத்தார். "போச்சு போங்க" என்றார்.

அந்த நிமிடம் பார்த்து வளைவில் பஸ் வந்தது.

துண்டு போட்டு, ஜன்னலோரம் பிடித்து, எங்கள் நிறுத்தத்துக்கு வந்தேன். ஈ காக்கை இல்லை. ராவுத்தர் மட்டும் நின்று பஸ்ஸை ஆவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ரெண்டு பெல் வந்துச்சே தம்பி? தக்காளி ஏத்தீட்டுப் போன பிக்கப்புல எல்லாரையும் ஏத்தி அனுப்பீட்டேன். உங்க ஊட்டம்மா முன்னால சீட்டுல."

கண்டக்டர் பாதி மலையாளக்காரர். "சேட்டா, இந்தத் துண்டு எவிட இறங்கும்?" என்று கேட்டார்.

மூன்று கிலோமீட்டர் தாண்டி, ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் பிக்கப் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவரைக் கெஞ்சி ஹாரன் அடிக்கவைத்து அதை நிறுத்தினேன். தக்காளிப் பெட்டிகள் மேலிருந்து ஆறு பேர் இறங்கி, ஆளுக்கொரு வசவோடு பஸ்ஸில் ஏறினார்கள். முன் சீட்டில் என் மனைவி, மடியில் ஃபைல். பஸ்ஸை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"சீட்டு புடிச்சு வெச்சிருக்கறேன். ஜன்னலோரம்" என்றேன்.

"அப்ப நீங்களே உக்காந்துட்டு வாங்க."

பிக்கப் டிரைவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆனவராக இருக்கவேண்டும்.

பஸ் முந்திப் போனது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வாய்க்கால் பாலத்து ஏற்றம்வரை அது இருந்தது. அங்கே வண்டி இரண்டு முறை இருமி, புகை விட்டு, நின்றது. எல்லாரும் இறங்கிப் பனைமர நிழலில் ஒதுங்கினோம். சேலையில் தக்காளிக் கறையோடு இருந்த ஒரு பெண், "ஏனுங்ணா, இப்ப கூப்பிடுங்க. ரெண்டு பெல் அடிங்க. இப்ப அடிச்சா சரியா இருக்கும்" என்றாள்.

ஒன்பது ஐம்பதுக்குப் பிக்கப் வந்தது. பெட்டி மேலிருந்து இறங்கி வந்த ஆறு பேரும் நானும் கை காட்டினோம். பின்னால் ஏற இடம் இருந்தது. நிற்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது என் மனைவி சொன்னாள்: "நின்னா நீங்க ஏறுவீங்க. நீங்க ஏறுனா அதும் நின்னுரும்."

அதன்பிறகு பாலத்தின் மேல் எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. போனைத் தூக்கிப் பிடித்தபடி, டவர் தேடி வரப்பில் எல்லாம் ஏறி இறங்கினேன். பதினொன்றரைக்கு ஒரு கோடு வந்தது. அவளும் எடுத்தாள்.

"நேரத்துக்குப் போயிட்டயா? என்ன கேட்டாங்க?"

"பத்து நிமிசம் முன்னாலயே போயிட்டனுங்க. தினமும் எப்படி வருவீங்கன்னுதான் மொதல்ல கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"பஸ்ஸுலன்னேன். மூணு பேரும் சிரிச்சுப்போட்டாங்க."

வேலை கிடைத்தது, மார்ச் வரைக்கும். ராவுத்தரும் டீக்கடைக்காரரும் கலந்து பேசி ஏற்பாட்டில் ஒரு திருத்தம் செய்தார்கள்: வேறு யாரும் இனி அந்த போனைத் தொடக்கூடாது. 'வேறு யாரும்' என்றபோது இருவரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

முதல் நாள் காலை அவள் கிளம்பும்போது கையை நீட்டினாள். "ஏனுங்க, உங்க போனைக் குடுங்க." கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "சாயங்காலம் தர்றேன்."

எட்டேகாலுக்கு வாசலில் நின்றேன். எட்டரைக்கும் நின்றேன். பஸ் சத்தம் கேட்கவில்லை. மாடு என்னையே பார்த்துக்கொண்டு நிதானமாக அசைபோட்டது. பொறுக்க முடியாமல் நிறுத்தத்துக்கு ஓடினேன். கடையில் ராவுத்தரைத் தவிர யாரும் இல்லை.

"பஸ்ஸா, தக்காளி வண்டிங்களா?" என்று கேட்டேன்.

ராவுத்தர் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னு சொல்லீட்டுப் போயிருக்காங்க தம்பி."