இன்னும் எடுக்கல

என் மைத்துனன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே கீழே அனுப்புகிற வேலை. எங்கள் வீட்டுக்கு வருவதென்னவோ படியேறித்தான், எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அவன் சட்டைப்பையில் டெஸ்டரும், பக்கத்தில் சோப்புக்கட்டி அளவில் ஒரு சின்ன கேமராவும் இருக்கும். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அதை அவன் விடவில்லை. மூலையெல்லாம் பெயின்ட் போய், பேட்டரி மூடிக்கு டேப் ஒட்டியிருக்கும்.

அவன் படமெடுக்கிற விதமே தனி. கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். நாம் விறைத்துப்போய் நிற்போம். “இருங்க, இன்னும் எடுக்கல” என்பான். சரி என்று உடம்பைத் தளர்த்தி, மூக்கைச் சொறிந்து, பக்கத்தில் நிற்பவரைத் திட்டி, சிரித்து முடிப்போம். அதற்குள் எடுத்திருப்பான். சத்தத்தையும் வெளிச்சத்தையும் அணைத்து வைத்த கேமரா, நமக்கு ஒன்றும் தெரியாது. வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயரே ‘எடுக்கல’தான். “எடுக்கல வந்தாச்சா?” என்றுதான் சூப்பர்வைசரே கேட்பார்.

என் மனைவி அவனுக்கு அக்கா. அவனிடம் அதிகம் ஏமாந்தவளும் அவள்தான். எங்கள் வீட்டுச் சுவரில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற படமெல்லாம் அப்படி ஏமாந்து வந்தவை. எனக்கு யாரையும் சிரிக்க வைக்கத் தெரியாது. வெல்டிங் பட்டறைக்காரன் நான், வாயைத் திறந்தாலே சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பார்கள்.

போன வருடம் ஒரு காலையில் அவள் வாய் கொப்பளித்தாள். தண்ணீர் இடது ஓரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாங்கள் பயந்த மாதிரி பெரிய வியாதி இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், சரியாகிவிடும் என்றார் டாக்டர். முக்கால்வாசி சரியாகவும் ஆயிற்று. சிரித்தால் மட்டும் இடது ஓரம் மேலே வராது. அதனால் அவள் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். யாராவது போனை நீட்டினால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்பா, அம்மா படம் ஒண்ணு அனுப்புங்க. வீடியோல பேசினாக்கூட ஃபேனைத்தான் காட்டுறாங்க. எனக்கு ஃபேன் மூஞ்சி மனப்பாடம் ஆயிடுச்சு.”

மைத்துனனிடம் சொன்னேன். அவன் ஏற்கெனவே பெரிய கேமரா ஆசையில் இருந்தான், லென்ஸ் மாற்றுகிற எஸ்.எல்.ஆர். அவன் மகள் பாட்மின்டன் ஆடுகிற படமெல்லாம் சின்னதில் புகை மாதிரிதான் வரும்.

“மாமா, அதுல நீள லென்ஸ் போட்டா மொட்டை மாடி அந்தக் கோடியில நின்னே அக்கா மூஞ்சிய மட்டும் எடுக்கலாம். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. இது ஒண்ணு சரியா வந்துச்சுன்னா வாங்கிடுறேன்.”

“வாங்கித் தொலை” என்றேன்.

அவன் லிஃப்ட் பார்க்கிற கட்டடத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் இருக்கிறார். வாங்குவதற்கு முன் வைத்துப் பார் என்று தன் பழைய எஸ்.எல்.ஆரைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். என் மனைவி மாடியில் துணி காயப்போட்டபடி கீழ்வீட்டுத் தையல்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவிடம் பேசும்போது மட்டும்தான் அவள் கை வாய்க்குப் போகாது. இவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினான். நான் பக்கெட்டோடு காவல்.

‘படக்’ என்றது. பெரிய கேமராவுக்குள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழுகிற சத்தமாம். அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அவள் திரும்பினாள். கை வாய்க்குப் போயிற்று.

“யாரு?”

“நான்தான்க்கா.”

“ஏண்டா, திருடன் மாதிரி ஒளிஞ்சு நின்னு எடுக்குற? என் மூஞ்சி அவ்வளவு தூரத்துல நின்னு பாக்குற மாதிரியா ஆயிடுச்சு?”

படத்தைப் பார்த்தோம். துணிக்கிளிப்பின் கம்பிகூடத் தெளிவாக இருந்தது. அவள் கண்ணில் இருந்த மிரட்சியும் அதே தெளிவு. உடனே அழித்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நானும் அவளும் உலர்ந்த போர்வையை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய கேமராவைப் பைக்குள் போட்டு மூடியிருந்தான். நேராக அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து, சின்னதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

“மன்னிச்சுக்கோக்கா. இன்னும் எடுக்கல.”

“எடுத்துட்ட.”

“சத்தியமா எடுக்கல.”

“எனக்குத் தெரியும்டா. உன் மூக்கு விடைக்குது பார், நீ எடுத்துட்ட.”

“பேட்டரியே போடலக்கா. மூடி கழண்டு விழுந்துருச்சு.”

“மாமாகிட்ட சொல்லு, பத்த வச்சுத் தருவார்.”

நான் பேசாமல் நின்றிருக்கலாம். “பத்த வச்சா அப்புறம் பேட்டரி மாத்த சுத்தியல்தான் தேடணும்” என்றேன். அதற்குப்போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வை முனையோடு ஒரு கை தாடைவரை வந்தது. அங்கேயே நின்றது. தம்பியைப் பார்த்தாள், பிறகு அவளே கையை இறக்கிக்கொண்டு சிரித்தாள். ஏமாந்து அல்ல, எடுக்கிறான் என்று தெரிந்தே.

படத்தில் ஜன்னல் பக்கம் வெளிறிப்போயிருக்கிறது, புள்ளி புள்ளியாகவும் இருக்கிறது. இடது ஓரம் மேலே வரவில்லை. கண் இரண்டும் சிரிக்கின்றன. அவளிடமே கேட்டுவிட்டு மகளுக்கு அனுப்பினேன். “மாமா எடுத்ததுதானே? இன்னும் எடுக்கலன்னு புளுகியிருப்பாரே” என்று பதில் வந்தது. என் மனைவி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

எனக்கு நன்றி சொல்லி வராது. அவனுடைய பேட்டரி மூடிக்குப் பட்டறையில் ஒரு சின்னத் தகடு வெட்டி, கிளிப் மாதிரி வளைத்துப் போட்டுக் கொடுத்தேன். பற்றவைக்கவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனாலும் கேமராக் கடையைத் தாண்டும்போது அவன் நடை மெதுவாகிறது. ஷட்டில் மைதானத்துக்குச் சின்னது போதாது, அது நிஜம்தான். போன வாரம் கேட்டேன்.

“என்னடா, பெரிய கேமரா எடுத்தியா இல்லையா?”

“இன்னும் எடுக்கல மாமா.”

மூக்கு விடைத்தது. அப்படியானால் எடுத்துவிட்டான். எடுத்துக்கொள்ளட்டும், மகள் ஆட்டத்துக்கு நன்றாக எடுக்கட்டும். அவன் எங்கள் வீட்டுப் படியேறும்போது மட்டும் சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொள்கிறேன். தகடு போட்ட சின்னது அங்கே இருக்கிறது.