பிறக்காத பிள்ளைக்கு ஒரு கெடு

அமெரிக்காவுல இருக்கற என் மகளுக்கு எட்டாம் மாசம் நடக்கும்போதுதான் அந்த உத்தரவு வந்துச்சு. வேலை விசாவுல இருக்கறவங்களுக்கு அங்க பொறக்கற புள்ள இனிமே அந்த நாட்டுப் பிரஜை கிடையாது, ஒரு தேதி வரைக்கும்தான் பழைய வழக்கம்னு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுட்டாராம். மகளும் மருமகனும் அந்த விசாவுலதான் இருந்தாங்க. டாக்டர் குறிச்ச பிரசவ நாள் அந்தத் தேதியத் தாண்டி இருந்துச்சு.

டிவியில செய்தி ஓடும்போதே எங்க வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போச்சு. "கெடுவுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணி எடுத்துடச் சொல்லு"ன்னார்.

புதுச்சேரியில பிரசவ வார்டு நர்ஸா வேலை பாத்து ஓய்வு பெத்தவ நான். மாசம் நிரம்பாம வந்த புள்ளைங்க மூச்சுக்குத் தவிக்கறதையும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ள இழுக்கறதையும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னு பாத்திருக்கேன். இவரு ஆரஞ்சுப் பழத்த உரிச்சு எடுக்கற மாதிரி பேசறார்.

ஆனா அவரு பயம் சும்மா வந்தது இல்ல. பிரெஞ்சுக்காரங்க ஊர விட்டுப் போனப்ப, பிரெஞ்சு குடியுரிமை வேணும்னா கெடுவுக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு சொன்னாங்க. இவரோட பெரியப்பா குடுத்துட்டார், அந்தக் குடும்பமே இப்ப பிரான்சுல இருக்கு. இவரோட அப்பா, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டார். அந்த ஆதங்கத்தோடயே போய்ச் சேந்தார் மனுஷன். அதனால சர்க்கார் ஒரு நாளக் குறிச்சா, அந்த ஆண்டவரே வந்தாலும் மாத்த முடியாதுன்னு இவருக்கு நெனப்பு.

மாமனார் பேச்சக் கேட்டு மருமகனும் ஆஸ்பத்திரியில நாள் வாங்கிட்டார். மகள் போன்ல அழுதா. "நீ சொல்லும்மா, என்ன பண்ணட்டும்?"

"வேணாம்டி. புள்ள மொதல்ல ஒழுங்கா மூச்சு விடட்டும்"னேன். அவரு போனப் பிடுங்கிக்கிட்டார். "உங்கம்மாவுக்கு ஒன்னும் தெரியாது. ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டாச்சு. அதுக்கு மேல யாரு?"

"அரசியல் சட்டம் இருக்குப்பா"ன்னா மகள். "இந்த மண்ணுல பொறந்து இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க பிரஜைன்னு அதுல எழுதியிருக்கு. அத மாத்தணும்னா பார்லிமெண்ட்டுல ரெண்டு சபையும் மூணுல ரெண்டு பங்கு ஒத்துக்கணும், மாநிலங்கள்ல நாலுல மூணு பங்கு ஒத்துக்கணும். ஒத்தக் கையெழுத்துல மாறாது. கேஸ் போட்டிருக்காங்க."

அவரு நம்பல. மந்திரிசபை முடிவு பண்ணின ஃபைலு கவர்னர் மாளிகையில போய்ப் படுத்துக்கறதப் பாத்துப் பாத்தே வளந்த ஊரு இது. மேல இருக்கறவர் சொன்னா சொன்னதுதான்னு எங்க ரத்தத்துல ஊறிப்போச்சு.

மறுபடி போன் பண்ணினப்ப மகள் சொன்னா: "ஒரு ஜட்ஜு அந்த உத்தரவுக்குத் தடை போட்டுட்டார், ஆபரேஷனயும் வேணாம்னு சொல்லிட்டேன்." எனக்கு அப்பதான் சோறு இறங்குச்சு. இவரு உடனே கேட்டார், "அந்த ஜட்ஜத் தூக்கிட்டா?"

"ஜனாதிபதியால முடியாதுப்பா. ஆயுசுக்கும் பதவி. தப்புப் பண்ணினா பார்லிமெண்ட்டுதான் விசாரிச்சு நீக்கணும்."

"மேல் கோர்ட்டு?"

"அது இருக்குப்பா. அவங்க என்ன சொல்வாங்கன்னு யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில் எங்க ரெண்டு பேரையும் பிடிச்சு ஆட்டுச்சு. காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே இவரு செய்தியத் தேடுவார். நான் சர்ச்சுல பூசைக்குப் போய், பேரு தெரியாத ஒரு ஜட்ஜுக்காக மெழுகுவத்தி ஏத்தினேன். வேணாம்னு சொன்னது நான்தான. நாளைக்குத் தடை போயிட்டா, கொள்ளுத்தாத்தா மாதிரியே இந்தப் புள்ளையும் கெடுவத் தவறவிட்டதுன்னு ஆயுசு பூரா என்னையில்ல சொல்வாங்க?

கெடு தாண்டி, மாசம் நிரம்பி, பேத்தி பொறந்தா. வீடியோவுல நான் மொகத்தப் பாக்கல, நெஞ்சத்தான் பாத்தேன். விலா எலும்பு உள்ள இழுக்கல. நல்லாக் கத்தினா.

இவரு போன் பக்கமே வரல. வாசப்படியில நின்னுக்கிட்டு, "தடை இன்னும் இருக்குல்ல?"ன்னு கேட்டார்.

"இருக்குப்பா"ன்னா மகள்.

அதுக்கப்புறம்தான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, பேத்தியப் பாக்க போனக் கையில வாங்கினார்.