விரிப்பின் மற்ற முனை

பியற்றிஸ் இப்போது வேலை செய்யும் இடத்தில் துணி மடிக்க மெஷின் இருக்கிறது. வசதிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் ஸ்ட்ரெதம் முதியோர் இல்லத்து லாண்டரியை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு இளகிவிடும். அங்கே கட்டில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் மன்னாரில் பிறந்த பியற்றிஸ், மறு முனையில் நியூசிலாந்து மாவோரிப் பெண் மெரே. ஒருத்தி கைவிட்டால் விரிப்பு நிலத்தில். மறுபடி கழுவ வேண்டும்.

சூடான துணி வாசமும் பால் தேத்தண்ணியுமாகப் போன நல்ல காலம் அது. 2004இல் மெரேயின் முகம் கறுத்தது. அவளுடைய குலம் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி பொறுக்கிய கரையை, முடிக்கு, அதாவது ராணியின் அரசுக்கு, உரியது என்று அங்கத்தை அரசாங்கம் சட்டம் போடப் போகிறதாம். அவளுடைய பூட்டன், நிலமும் கரையும் உங்களுக்கே என்று வாக்குக் கொடுத்த அந்தக் காலத்து ராணியோடு ஒப்பந்தம் வைத்தவர்; முகத்தில் குத்திய பச்சையின் கோலத்தையே கையெழுத்தாக வரைந்து கொடுத்தவர். பியற்றிஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய கரையில் எந்தக் குடும்பம் எங்கே வலை இழுப்பது என்பதற்கு உறுதிப் பத்திரம் எழுதியவர் யார்? ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் கடற்படையின் முள்ளுக்கம்பி வந்தபோது அது எடுபடவில்லை.

அந்த நேரம் பார்த்தா பியற்றிஸுக்கு ராணியின் நாட்டுப் பிரசாவுரிமை வரவேண்டும்? கை உயர்த்தி ராணிக்கு விசுவாசம் சொல்ல வேண்டும். எந்த முடியின் பேரால் மெரேயின் கரை போகிறதோ, அதே முடிக்கு! வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஜேர்மனியிலும் இங்கேயும் விசாப் பத்திரமில்லாமல் பட்ட பாடு போதும். மெரே முகத்தில் விழிப்பது எப்படி என்று பயந்தவள், பல்லுக்குக் காட்டப் போகிறேன் என்று பொய் சொல்லி லீவு எடுத்தாள்.

புருஷன் கிறிஸ்துராஜாவின் வாய்க்கு எப்போது பூட்டு இருந்தது? ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மெரேயைக் கண்டு பிரசாவுரிமை விழாவுக்கே அழைத்துவிட்டார்.

மோர்டன் மண்டபத்தில் கடைசி வரிசையில், கழுத்தில் பச்சைக்கல்லோடு மெரே. பியற்றிஸின் உறுதிமொழி அவளுக்கே கேட்கவில்லை. முடிந்ததும் மெரே வந்து, தங்கள் முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்தாள். அவள் பேசியது ஆங்கிலம். பியற்றிஸ் அதைத் தன் தமிழில்தான் சொல்லுவாள்.

"பல்லுப் புடுங்கியாச்சோ?"

பியற்றிஸ் அழுதுவிட்டாள். "குறை நினையாதையும், மெரே. எனக்கு வேற வழியில்லை."

"ஏன் குறை நினைக்க? பூட்டன் ஒப்பந்தம் வைச்சது ராணியோடயும் அவவின்ர ஆக்களோடயும். இண்டைக்கு நீரும் அந்தப் பக்கத்து ஆள். கரையைப் பறிகுடுத்த ஒருத்தியாவது இனி அந்தப் பக்கத்தில இருக்கிறாள். உம்மட முனையை விடாதையும்."

அந்த வருடக் கடைசியில் சட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த வருடம் மெரே ஊருக்கே போய்விட்டாள்.

இன்றும் தேர்தல் வந்தால், குப்பைத்தொட்டி பற்றியும் பஸ் பற்றியும் பேச கோலியர்ஸ் வுட்டில் அவள் வீட்டுக் கதவு தட்டுகிறவர்கள் பாவம். நியூசிலாந்தில் ஒரு கடற்கரை, நாங்கள் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று பியற்றிஸ் தொடங்குவாள். கிறிஸ்துராஜா தலையில் கை வைத்துக்கொள்வார். அவள் விடமாட்டாள்.